இரட்டைத் தையல்

"கத்தி கையில இருக்கும்போது பின்னால வந்து நிக்காதீங்க. ரெண்டு கை நீளம் தள்ளி நில்லுங்க. மாஸ்டர் சொல்லியிருக்கார்."

தையல்காரர் இரண்டு கை நீளம் தள்ளி நின்றார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னக் கத்தி. அதில் வெங்காயமே ஒழுங்காக அறுபடவில்லை.

தள்ளி நிற்கச் சொன்னது அவரைச் சுடவில்லை. மாஸ்டர் என்ற சொல் சுட்டது. கல்யாணமாகிக் கடைக்கு வந்த நாள் முதல் அவள் அவரைத்தான் அப்படி அழைத்தாள். வாடிக்கையாளர் முன்னால் பெயர் சொல்ல முடியாது. 'என்னங்க' என்றால் கடைக்கு மரியாதை இல்லை. அதனால் மாஸ்டர். "மாஸ்டர், இவங்களுக்குக் கை கொஞ்சம் இறக்கணுமாம்." இப்போது அந்தச் சொல் வேறு ஆளிடம் போய்விட்டது. கடையிலும் அவர் 'என்னங்க' ஆகிவிட்டார்.

வீட்டின் முன்னறைதான் கடை. அதில் இரண்டு மெஷின்கள். ஒன்று அவருடையது. மற்றதில் அவள் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், விளிம்பு மடித்து அடிப்பாள். குனிந்தே உட்கார்ந்து முதுகு போய்விட்டது, நிமிர்ந்து நின்று செய்கிற வேலை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை மாற்றித் தந்தார். அவள் தொழிலையே மாற்றிக்கொண்டாள். வனப் பாதுகாப்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். புயலில் பாதைக்குக் குறுக்கே விழுந்த மரங்களை அறுக்க வேண்டும், காட்டை நெரிக்கும் வெளிநாட்டு மரங்களை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் செயின்சா என்ற சங்கிலி வாளைப் பிடிக்கப் பயிற்சி. ஊர் ஓரத்து மர டிப்போவில் காலை நேரத்தில் வகுப்பு. அங்கே சொல்லிக்கொடுப்பவன்தான் அவளுடைய புது மாஸ்டர்.

மதியம் தலையில் மரத்தூளோடு வருவாள். நல்ல பசியோடு சாப்பிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். மாஸ்டர் சொன்னது, மாஸ்டர் காட்டியது, மாஸ்டர் சிரித்தது. வாளின் மூக்கு மரத்தில் பட்டால் எப்படித் திரும்பி முகத்தில் உதைக்கும் என்று கரண்டியை வைத்துச் செய்து காட்டுவாள். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு பேச்சை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அத்தனையும் இன்னொருவன் சொன்னது.

ஒருநாள் அவளுடைய காலை டிபன் டப்பாவை வேண்டுமென்றே வீட்டில் மறைத்துவைத்தார். பிறகு அவள் மறந்துவிட்டதாகச் சொல்லி டிப்போவுக்கு எடுத்துப்போனார்.

மாஸ்டரைப் பார்த்தார். தோள் இருந்தது. தொப்பை இல்லை. குரலை உயர்த்தாமல் பேசினான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அவன் போட்டிருந்த பாதுகாப்பு பேண்ட் இடுப்பில், தொடையில், கணுக்காலில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் எல்லாரும் மூட்டைக்குள் இறங்கி நின்றார்கள்.

டப்பாவை வாங்கிக்கொண்ட மனைவி, "மாஸ்டர், இவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

"ஓ, டெய்லரா. வாங்க டெய்லர்" என்றான் அவன்.

மறுநாள் கடைக் கதவில் 'காலையில் கடை இல்லை' என்று அட்டை தொங்கியது. தையல்காரர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

ஏன் என்று மனைவி கேட்டாள். மரம் பிடிக்கும் என்றார். எப்போதிலிருந்து என்றாள். சின்ன வயதிலிருந்து என்றார். அவள் ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாள். முகவலையைக் கீழே இறக்கியும் விட்டாள்.

சேர்ந்த அன்றே ஒரு விதி குறுக்கே வந்தது. வகுப்பில் இருவர் இருவராகத்தான் வேலை. ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் தள்ளி நின்று காவல் பார்ப்பார். தையல்காரர் மனைவி பக்கத்தில் போய் நின்றார். மாஸ்டர் அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தான்.

"புருஷன் பொண்டாட்டிய நான் ஒரே மரத்துக்கு அனுப்புறதில்ல டெய்லர். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிப்பாங்க. மரத்த யாரும் பாக்க மாட்டாங்க."

வகுப்பு சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அவளை நெட்டை என்ற பையனோடு டிப்போவின் அந்தக் கோடிக்கு அனுப்பினான். நெட்டை வகுப்பிலேயே உயரமானவன். அவன் பேண்ட் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும். நெட்டையைப் பற்றித் தையல்காரருக்குக் கவலை இல்லை. ஆனால் விதி என்று ஒன்றைச் சொல்லித் தன்னை அவளிடமிருந்து பிரித்துவிட்டான் பார் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்த ஜோடி மாஸ்டரேதான்.

செயின்சாவைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் காலை நுழைத்து அழுத்திக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். தையல்காரர் இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கயிற்றைத் தேடினார். கண் அந்தக் கோடியில் இருந்தது. மாஸ்டர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். பிரேக் போட்டிருக்கிறதா என்று கேட்டான். போட்டிருக்கிறது என்றார். போடவில்லை.

காதடைப்பான் மாட்டிக்கொண்டால் ஒன்றும் கேட்காது. அதுதான் அவருக்குப் பெரிய வேதனை. ஒருநாள் அந்தக் கோடியில் மனைவி வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். அவளும் தூக்கிக் காட்டினாள். வேலையை நிறுத்து, நிறுத்திவிட்டேன் என்பதற்கான சைகை அது. பாடத்தில் வந்ததுதான். ஆனால் பாடத்தில் வந்தபோது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன புது ரகசியம் என்று உடம்போடு திரும்பினார். கையில் செயின்சா ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் நின்ற அத்தனை பேரும் தரையில் படுத்தார்கள்.

மரத்தை வீழ்த்துவதற்கு முன்னால், அது தப்பாக விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று முதலிலேயே வழி பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பாடம். அன்று முதல் வகுப்பில் எல்லாரும் மரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டுத் தையல்காரர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து வழி முடிவு செய்தார்கள்.

அதன் பிறகு மாஸ்டர் அவரைவிட்டு நகரவில்லை. பின்னால் நின்று அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். அவர் தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே போனான். மற்றவர்களுக்குத் தூரத்திலிருந்து சைகை. இவருக்கு மட்டும் பக்கத்தில் நின்று பாடம். டீ நேரத்தில் அருகில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே டெய்லர்? உங்க கவனம் இங்க இல்ல."

தனக்கு விஷயம் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்க்கிறான் என்று தையல்காரருக்குப் பட்டது.

"எங்க வீட்டுல என்ன பிரச்சனை? ரொம்ப சந்தோஷமா இருக்கோம்" என்றார்.

"அப்படியே இருங்க. அதான் முக்கியம்" என்றான் மாஸ்டர். அந்த வார்த்தை அவரை இரண்டு நாள் அரித்தது.

செயின்சாவில் அவனை ஜெயிக்க முடியாது என்று புரிந்தது. தனக்குத் தெரிந்த இடத்தில் அடிக்க வேண்டும். தன் பாதுகாப்பு பேண்ட்டை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

கனமான துணி. முன்பக்கம் ஏழெட்டு அடுக்கு. உள்ளே பஞ்சுபோல் நீள நீள இழைகள், எதிலும் பிடிக்காமல் தொளதொளவென்று கிடந்தன. தைத்தவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. தொடையில் இரண்டு பக்கமும் பிடித்தார். முழங்காலைச் செதுக்கினார். உள்ளே நகர்ந்துகொண்டிருந்த அடுக்குகளை எல்லாம் சேர்த்து இறுக்கி, கெட்டி ஊசி போட்டு, மேலிருந்து கீழே அடித்தார். போட்டுப் பார்த்தார். அவர் அதில் வேறு ஆள்.

மறுநாள் டிப்போவில் எல்லாரும் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் காதில் விழுந்து பல வாரம் ஆன சொல். அன்று மாலையே அவளுடையதைப் பிடித்துக் கொடுத்தார். தன் மனைவியுடையது என்பதால் முன்பக்கம் முழுக்க இரட்டைத் தையல் போட்டார். வாழ்நாளுக்கும் பிரியாது.

பிறகு நெட்டை வந்தான். பேண்ட்டின் நீளத்தைக் கூட்ட முடியுமா என்றான். முடிந்தது. அவனைப் பார்த்து இன்னொருவர். அந்த வார முடிவில் வகுப்பு முழுவதும் கடையில் நின்றது. வேலை குவிந்துவிட்டதால், மனைவி இரண்டாவது மெஷின்மேல் போட்டிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் பேண்ட்டைப் பிடித்து அடித்துத் தள்ள, அவள் பிசிர் நறுக்கி விளிம்பு மடித்தாள். இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடின. நடுவில் அவள் தலையைத் தூக்காமலே, "மாஸ்டர், வெள்ளை நூல் தீந்துபோச்சு" என்றாள்.

அவருக்கு ஊசி விரலில் ஏறியது. வலிக்கவில்லை.

அடுத்த வாரம் பயிற்சி நிலையத்தின் தலைவர் பார்வையிட வந்தார். தலைவர் முன்னால் மாஸ்டர் செயல்முறை விளக்கம் காட்டினான். இந்த பேண்ட் எப்படிக் காலைக் காப்பாற்றுகிறது என்பது பாடம். பலகையில் படம் போட்டுச் சொல்வதைவிட ஒருதடவை பார்த்தால் போதும், சாகும்வரை மறக்காது என்றான். ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த பேண்ட்களில் ஒன்றை எடுத்து, ஒரு கட்டைக்கு மாட்டிவிட்டான்.

"சங்கிலி துணிய கிழிச்ச உடனே உள்ள இருக்குற இழை எல்லாம் வெளிய வந்து சங்கிலிய சுத்திக்கும். மெஷின் அப்படியே நின்னுடும். இழை தளர்வா இருக்குறது அதுக்குத்தான். இப்ப பாருங்க."

செயின்சாவைத் தொடையில் வைத்தான். அது பேண்ட்டை அறுத்தது. கட்டையை அறுத்தது. கட்டை வைத்திருந்த ஸ்டூலையும் அறுக்கத் தொடங்கியபோது அவனே நிறுத்தினான்.

ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து தங்கள் தொடையைப் பார்த்தார்கள். சிலர் தடவியும் பார்த்தார்கள்.

மாஸ்டர் முகவலையைத் தூக்கிவிட்டு, அறுபட்ட துணியைக் கையில் எடுத்தான். அடுக்குகளை நெருக்கிப் பிடித்திருந்த தையலை நகத்தால் நெருடினான். இம்மியும் கோணாத தையல்.

"இத யார் தச்சது?"

ஒரு கணம் அத்தனை முகமும் பெருமையோடு தையல்காரர் பக்கம் திரும்பியது. பழக்கதோஷம். நெட்டை மட்டும் விளக்கம் சொன்னான். "டெய்லர்தான் மாஸ்டர். எல்லாருக்கும் அவர்தான்."

மாஸ்டர் அறுபட்ட பேண்ட்டைத் திருப்பி, இடுப்புப்பட்டையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். அது யாருடையது என்று அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரட்டைத் தையலைப் பார்த்தபோதே தையல்காரருக்குத் தெரிந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் ஒரு வாரமாக மரம் அறுத்தாள்.

தலைவர் அவரை உடனே வெளியே அனுப்பச் சொன்னார். மாஸ்டர் கெஞ்சாத குறையாகத் தடுத்தான்.

"வேண்டாம் சார். இவர வெளிய விட்டா எங்க என்ன பண்ணுவார்னு தெரியாது. என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

அந்தப் பேண்ட் அத்தனையும் குப்பைக்குப் போனது. புதுசு வரும்வரை வகுப்பு மரத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு வரும்போது மனைவி பத்தடி முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்த பிறகு கேட்டாள்.

"எதுக்குங்க இந்த வகுப்புக்கு வந்தீங்க?"

"அதான் சொன்னேனே. மரம் புடிக்கும்."

"நம்ம கடை வாசல்ல நிக்குதே, அது என்ன மரம்?"

அவர் யோசித்தார். வாசலில் மரம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பெரிய மரம்" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டாவது மெஷின்மேல் மறுபடி துணி விழுந்தது.

அன்றிரவு தட்டின் முன்னால் அவள் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டும் இருந்தன. ஆனாலும் பொறாமை என்பது நன்றிகெட்ட ஜந்து. மறுநாள் காலை மாஸ்டரைப் பார்த்ததும் தலையைத் தூக்கிவிட்டது. வெளியே அனுப்பாமல் தன்னை ஏன் வைத்துக்கொண்டான்? அவள் கண்முன்னால் தினமும் அவமானப்படுத்தத்தான். வேறென்ன?

மிச்ச நாட்களில் அவர் நன்றாகப் படித்தார். வைராக்கியம். பிரேக் போட்டார். கட்டைவிரலைக் கைப்பிடியின் கீழே சுற்றிப் பிடித்தார். வாளின் மூக்கு எதிலும் படாமல் பார்த்துக்கொண்டார். மாஸ்டர் பெல்ட்டை விட்டுவிட்டுச் சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொள்கிற அளவுக்கு முன்னேற்றம்.

கடைசி நாள் தேர்வு. வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கயிறு கட்டி அதற்கு அப்பால் நாற்காலி போட்டிருந்தார்கள். தேர்வு முடிந்ததும் இரண்டு குழு பிரிப்பார்கள். ஒன்று மலைமேல் போகும். இன்னொன்று ஏரிப்பக்கம். மலைக்குழுவோடு மாஸ்டர் போகிறான். மாதக்கணக்கில் கூடாரம். தன் மனைவி மலைக்குத்தான் என்பதில் தையல்காரருக்குச் சந்தேகமே இல்லை. காலையிலிருந்து அந்த மலையைப் பார்ப்பதையே தவிர்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி நன்றாக அறுத்தாள். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள், ஓடும் வழியைக் கைநீட்டிக் காட்டினாள், நிமிர்ந்து நின்றாள். மரம் அவள் சொன்ன இடத்தில் போய்ப் படுத்தது. தையல்காரரும் தேறிவிட்டார். அவர் மரம் சொன்ன இடத்தில் விழவில்லை, ஆனால் யார்மேலும் விழவில்லை. கயிற்றுக்கு அப்பால் எழுந்து நின்றவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

மாஸ்டர் குழுக்களை வாசித்தான். ஏரிக்குழுவுக்குத் தலைமை யார் என்று சொன்னான். தையல்காரர் மனைவி.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் முதலில் திரும்பிப் பார்த்தது தையல்காரரைத்தான். அவர் அப்போது மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெய்லர் மட்டும் என்கூட மலைக்கு வரட்டும். அவர வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றான் மாஸ்டர்.

தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை ஏரிக்கு அனுப்பிவிட்டுத் தன்னை எதற்குக் கூட்டிப்போகிறான்? கணக்கு இடித்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். விடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

கயிற்றை ஒட்டிய முதல் நாற்காலியில் ஒரு பெண். காலையில் மாஸ்டரோடு வந்தவள். அவன் சம்சாரம் என்று நெட்டை சொல்லியிருந்தான். எல்லாரும் கைதட்டும்போது அவள் தட்டவில்லை. வகுப்பில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் ஒரு கடுகடுப்பு. அந்தப் பார்வை தையல்காரருக்குத் தெரியும். அவரும் அதே கண்ணோடுதான் இத்தனை நாள் இங்கே வந்துபோனார்.

எல்லாம் விளங்கியது. சம்சாரம் சந்தேகப்பட்டு நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். அதனால் இன்றைக்கு மட்டும் நல்லவன் வேஷம்.

பாவம் என்று தோன்றியது. இந்த உலகத்தில் தன் வயிற்றெரிச்சல் தெரிந்த ஒரே ஜீவன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதே நோவுதான். இத்தனை நாளும் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கிட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தி, ஏரிக்குழுவின் நடுவில் நின்ற மனைவியைக் கண்ணால் காட்டினார். "நீங்க தேடுற ஆளு அதோ, அந்தப் பச்சை ஹெல்மெட். என் சம்சாரம்தான். பாத்துக்குங்க."

அவள் பச்சை ஹெல்மெட்டைப் பார்த்தாள். திரும்பி இவரைப் பார்த்தாள்.

"அவங்கள நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க யாரு?"

"நான் இங்க டெய்லர்னு சொன்னா தெரியும்."

அந்தப் பெண் மெதுவாக எழுந்து நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சோறு தின்னும்போது டெய்லர், குளிக்கும்போது டெய்லர், தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து 'டெய்லர் எங்க'ன்னு பாயெல்லாம் தடவுறாரே, அந்தச் சக்களத்தி யாருன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்; அவளுக்கு மீசை இருக்கும்னு நான் நினைக்கல."